பங்கு கொடுக்காத எண்

எங்கள் வீட்டு இன்வெர்ட்டரைக் குறை சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பொருத்திக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அன்றே சொல்லிவிட்டார்: அக்காவின் ஆக்ஸிஜன் மெஷினும் என் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் அரை மணி நேரம் தாங்கும், ஏதாவது ஒன்று மட்டும் என்றால் ஒரு மணி நேரம். அவர் சொன்னது அப்படியே நடந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. இருபத்திரண்டு வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்து, அந்தத் தூசியை எல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டவள். கடைசி மூன்று வருடம் மூக்கில் குழாயோடுதான் இருந்தாள்.

என் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு கோடிக்கும் அதிகமான இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. எழுதினால் இரண்டு கோடி இலக்கங்களைத் தாண்டும். அது பகா எண்ணா என்று பார்க்க வழி உண்டு. நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, என் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதையே, ஏழு கோடித் தடவை. கடைசி மீதி பூஜ்ஜியம் என்றால், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் அது வகுபடாது. அக்காவுக்கு விளக்கியபோது, “உன்ன மாதிரியே. யாருக்கும் பங்கு குடுக்காது” என்று சிரித்தாள்.

கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கை ஓடவிட்ட முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. கணக்கு முடிய இன்னும் நாற்பது நிமிடம். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொன்னால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். நான் நிதானமாகத்தான் இருந்தேன். குளிக்கும்போது கால் மணி நேரம் குழாய் இல்லாமல் சமாளிக்கிறவள்தானே, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கூடத்தில் இருந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் அறைக்கு வந்தேன்.

“தம்பி, காத்து வரலடா” என்றாள்.

கரண்ட் இல்லை, இப்போது வந்துவிடும் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “உன் கணக்கு நிக்கலயேடா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா, ஓடுது.”

“அப்ப சரி.”

அப்புறம் அவள் கூப்பிடவில்லை. நானும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

கடைசி மீதி பூஜ்ஜியமாக வரவில்லை. என் எண் வகுபடும். எதனால் என்பதை இந்த வழி சொல்லாது. பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டுத்தான் டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். அந்த மெஷினை இப்போதும் தினமும் ஓட விடுகிறேன். நின்றால், கணக்கு நிற்கவில்லையே என்று அவள் கேட்பது காதில் விழுகிறது. பயமாக இருக்கிறது, ஐயா.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் இன்வெர்ட்டர் கைவிட்டுவிட்டது என்றேன். கணக்கு நின்றால் முப்பத்தெட்டு நாளும் வீண், அதனால்தான் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அதுவும் பொய். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் அதுவரை போட்டதைத் தானே சேமித்துக்கொள்ளும். அணைத்திருந்தால், கரண்ட் வந்ததும் அங்கிருந்தே தொடர்ந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். விடை தெரியக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.