முழு உரு

— மெதுவாப் பேசு தம்பி. நீ எங்கேருந்து பேசுற?

— மூணாவது வாட்டி கேக்குறம்மா. பின்லாந்துலேருந்துதான். உன் புள்ள வேற எங்கேருந்து பேசுவான்?

— பின்லாந்துல எங்க?

— ஒரு ஏரி மேல நிக்கிறேன். இன்னிக்கு எங்க ஐஸ் ஹாக்கி டீமுக்கு வெட்டவெளி ஆட்டம், வருசத்துக்கு ஒருக்கா வெப்பாங்க. இங்க மணி பதினொன்றரை. பூதலூர்ல மூணு ஆயிருக்குமா?

— மூணுதான். ஏரி மேலன்னா? கரையிலயா?

— தண்ணி மேலம்மா. எல்லாம் உறைஞ்சு கெடக்கு. ஒன்றரை அடி கனம். நெல்லு லாரியே போகலாம்னு சொல்றாங்க. அது இருக்கட்டும், நீ ஏன் திருடன் மாதிரி கிசுகிசுன்னு பேசுற?

— உள்ள சாப்பாடு நடக்குது.

— யாருக்கு? அறுப்பு மெஷின்காரனுக்கா?

— அவன் நேத்தே போயிட்டான். தம்பி, உன் வலது முழங்கால்ல எத்தன தையலு?

— என்ன திடீர்னு? பதினொண்ணு.

— பதினொண்ணுதான். நானும் எண்ணிப் பாத்தேன்.

— வேலையத்துப் போயி எண்ணுனியா! ஓகே, நானும் அந்தக் காலப் பத்திப் பேசத்தான் கூப்டேன். வானதி அக்கா நேத்து போன் பண்ணிச்சு. மாரியம்மன் கோயில் வாசல்ல உரு விக்கிற விஜயலட்சுமி அத்தையப் பாத்துச்சாம். "என்னடி உங்கம்மா, தம்பிக்கு நோவு வர்றதுக்கு முன்னாடியே வந்து உரு வாங்கிட்டுப் போவுது"ன்னு கேட்டாங்களாம்.

— அவளுக்கு வாய் சும்மா கெடக்காது. என்னமோ போ.

— மழுப்பாத. பத்து வயசு வரைக்கும் அந்தக் கோயில் வாசல்ல வெளையாண்டவன் நான். கை வலிச்சா வெள்ளித் தகட்டுல கை, கால் வலிச்சா கால். வலிச்சப்புறம்தானே போடுவாங்க? நீ கை போட்டது என்னிக்கு?

— ஐப்பசில. ஒரு செவ்வாக்கெழம.

— எனக்கு மணிக்கட்டு ஒடஞ்சது அந்தச் சனிக்கெழம.

— அது தெரியாமப் பண்ணதுடா. வானதி கம்ப்யூட்டர்ல உன் ஆட்டத்தக் காட்டுனா. காலுக்கடியில கத்தி, கையில கம்பு, ஒருத்தன ஒருத்தன் செவுத்துல வெச்சு நசுக்குறானுங்க. இத வெளையாட்டுன்னு சொல்லிக் கைதட்ட வேற ஆளு! எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. எதுவும் வராம இருக்கட்டும்னு முன்கூட்டியே ஒரு கை வாங்கிப் போட்டேன். பூசாரி அப்புறம்தான் சொன்னாரு. "நோவுக்கு முன்னாடி போடக் கூடாது ராஜாத்தி, அது வேண்டுதல் இல்ல, நீயா தூக்கிக் கொடுத்ததா ஆயிடும்"னாரு.

— அதுக்கப்புறம் நிறுத்திட்டியா?

— நிறுத்தாம?

— அப்ப கால்? அடுத்த வருசம் மார்கழில அத்தைகிட்ட கால் வாங்கியிருக்க. நாலே நாள்ல எனக்கு முழங்கால் சவ்வு கிழிஞ்சுது. அதுவும் தெரியாமப் பண்ணதா?

— இரு, சோறு கேக்குது. வெச்சுட்டு வரேன்.

— அம்மா, போகாத! அம்மா? ... ஹலோ?

— வந்துட்டேன். மூணாவது வாட்டி சோறு வாங்குது. கெண்டைக் கொழம்பு. உனக்குப் புடிச்சதுதான்.

— பேச்ச மாத்தாத. எனக்குப் பதில் சொல்லு.

— கை ஒடஞ்சப்ப இங்க வந்து எத்தன நாள் இருந்த?

— மூணு மாசம்.

— கால் போனப்ப?

— எட்டு மாசம். அதுக்கென்ன?

— பத்து வயசுல உன்ன உன் மாமன் கையில புடிச்சுக் கொடுத்தேன். கனடாவுல நல்லாப் படிக்க வெச்சு, பட்டம் வாங்குனதும் திருப்பி அனுப்புறேன்னான். நீ என்னடான்னா அமெரிக்கா காலேஜுக்குப் போயி பனிக்கட்டி மேல ஓடுன. பேப்பர்ல உன் படம் வந்த அன்னிக்கு ஊரே நம்ம வாசல்ல நின்னுச்சு. நான் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். இனிமே இவன் நமக்கு இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. பதினேழு வருசத்துல நீ எங்கூட இருந்தது அந்தப் பதினோரு மாசந்தான்டா. காலுக்குத் தைலம் தேச்சுவிட்டேன். தாங்கிப் புடிச்சு வரப்பு வரைக்கும் நடக்க வெச்சேன். நீ நொண்டுனதப் பாத்து ஊரு உச்சுக் கொட்டுச்சு. எனக்கு மட்டும் சந்தோசமா இருந்துச்சு.

— அதுக்காக என் கால எடுத்துக்குவியா?

— எடுத்துக்கலப்பா. எட்டு மாசத்துக்குக் கேட்டேன். அப்புறம் நல்லாத்தானே ஆச்சு?

— நீ பேசுறது உனக்கே பயமா இல்லையாம்மா?

— இருக்கு. இன்னிக்கு ரொம்ப இருக்கு.

— இங்க பாரு. காலேஜ்ல நாலு வருசத்துல அறுபத்தோரு கோல் போட்டேன். நம்ம நிறத்துல ஒரு ஆளு கெடையாது அந்த ஆட்டத்துல. முதுகுல தாத்தா பேரப் போட்டுக்கிட்டு எறங்குனேன். "வீரையன், வீரையன்"னு வாய்ல நொழையாத பேர வெள்ளக்காரன் தொண்ட கிழியக் கத்துனான். இங்க சம்பளத்துக்கு ஆட வந்து அஞ்சு வருசம். கால் கிழிஞ்சப்புறம் ஸ்கேட்டிங்க மொதல்லேருந்து கத்துக்கிட்டேன், சின்னப் புள்ளைங்களோட சேந்து. அவ்வளவுக்கும் அப்புறம் இப்பத்தான் அமெரிக்காவுல பெரிய லீக்லேருந்து கூப்டிருக்கான். மூணு வருச கான்ட்ராக்ட். அடுத்த வாரம் கெளம்பணும். இன்னொரு எலும்பு ஒடஞ்சா என்னைய ஒருத்தன் சீண்ட மாட்டான். சத்தியம் பண்ணும்மா. இனிமே கை, கால், எதையும் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— போடலப்பா. கை, கால் எதுவும் போடல.

— சத்தியமா?

— ஆத்தா சத்தியமா.

— அப்பாடா. இப்பத்தான் ஒடம்பே லேசாச்சு. இன்னிக்குக் குளிர்கூடத் தெரியலம்மா. மைனஸ் இருபதுன்னானுங்க. கையுறைய எங்கயோ உட்டுட்டேன், வெறும் விரலோட நிக்கிறேன், ஒண்ணுமே தெரியல.

— ஆட்டம் நடக்குதா?

— நடந்துச்சு, இப்ப நிறுத்திட்டாங்க. எல்லாப் பயலும் அந்தக் கோடியில வட்டமா நின்னு குனிஞ்சு எதையோ பாக்குறானுங்க. கூப்பிட்டுப் பாத்தேன், ஒருத்தனும் திரும்பல. இரு, என்னன்னு போயிப் பாக்குறேன்.

— போவாத.

— ஏன்?

— அங்க போயிப் பாக்காத சாமி. சொன்னாக் கேளு.

— என்னம்மா பண்ணுன? கை போடல, கால் போடல. வேற என்ன போட்ட?

— போன வாரம் மூணு வருசம்னு சொன்னியே, அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. கைக்கு மூணு மாசம் வந்த, காலுக்கு எட்டு மாசம் வந்த. முழு உருவாப் போட்டா முழுசா வந்துருவன்னு நெனச்சேன். விஜயலட்சுமிகிட்ட வாங்குனா ஊரெல்லாம் சொல்லுவான்னு தஞ்சாவூர் போயி வாங்குனேன். மீசை வெச்ச ஆம்பள உரு. சாமிக்கு நீதான்னு தெரியணுமே, குண்டூசியால பாதத்துக்குக் கீழ ரெண்டு கோடு கிழிச்சேன், உன் கத்திச் செருப்பு மாதிரி. கோயிலுக்குக் கொண்டு போக மனசு வரல, பூசாரி மூஞ்சில முழிக்கணும். மேட்டூர மூடித் தண்ணி நிக்கிறதுக்குள்ள வெண்ணாத்துல விட்டேன்.

— எப்ப?

— இன்னிக்குத்தான். ரெண்டு மணிக்கு.

— இங்க பத்தரை. அப்பத்தான் ஆட்டம் ஆரம்பிச்சுது... மெதந்துச்சா?

— தகடுதானே, கொஞ்சம் மெதக்கும்னு நெனச்சேன். கல்லாட்டம் முழுகிப் போச்சு.

— சரி, அழாத. அழாதம்மா. ஒரு தகடு முழுகுனா மனுசன் முழுகிருவானா? நான் இங்க நல்லாத்தான் நிக்கிறேன். அடுத்த வாரம் பிளைட் ஏறிருவேன். நீயே யோசி, முழுசா வரணும்னுதானே வேண்டுன? வந்தேனா? வரலையே!

— வந்துட்டியேப்பா. அரை மணிக்கு முன்னாடியே கொல்லப்பக்கமா வந்துட்ட. கூடத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்க. தலையத் துவட்டிக்கன்னா கேக்க மாட்டேங்குற, எலையெல்லாம் ஒரே தண்ணி.