கிளடிஸ் வைத்த கையெழுத்து

மில்லிக்கன் பக்கத்துத் தமிழ்க்கடைப் பிளாசாக்களில் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஆகவே கிளடிஸைச் சனிக்கிழமை காலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் விசாரிக்கும் கையெழுத்து அன்றுதான் வைக்கப்பட்டது. மறைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளடிஸ் என் மனைவி அல்ல. பதினான்கு வருடங்களுக்கு முன்னரே எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. நான் கை நீட்டினேன் என்பது அவளுடைய பக்கத்துக் கதை. நீதிமன்றமும் அதை நம்பியது. மாதாமாதம் பராமரிப்புக் காசு கொடுக்கச் சொன்னார்கள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கோயில் சனத்துக்கு விவாகரத்துப் பற்றி மூச்சு விடவில்லை. கத்தோலிக்க ஆட்கள் வெளியே சொல்லித் திரியும் விஷயமா அது? ஞாயிறு பூசைக்கு வெக்ஸ்போர்ட்டிலுள்ள அவளுடைய அப்பார்ட்மென்டுக்குப் போய் நான்தான் ஏற்றி வருவேன். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். முடிந்ததும் கொண்டுபோய் இறக்கிவிடுவேன்.

பிறகு அவளுக்கு மறதி வருத்தம் வந்தது. கொஞ்சநஞ்சமிருந்த ஆங்கிலம் முதலில் போனது. அடுத்ததாக விவாகரத்துப் போனது. ஒருநாள் காரிலிருந்து இறங்கியவள், "என்னப்பா, நீங்கள் உள்ளுக்கு வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"வேலை கிடக்கு, பிறகு வாறன்" என்றேன். அவள் உள்ளுக்குப் போகும்வரை காருக்குள்ளேயே இருந்து பார்த்தேன்.

நான் கொடுக்கும் காசில்தான் ரதி என்ற பெண் அவளைப் பார்க்க வந்து போனாள். குளிக்க வார்ப்பாள், சமைப்பாள், சோறு குழைத்துத் தீத்துவாள். நல்ல பிள்ளை. உங்களிடம் முறையிட்டதும் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் எனக்கும் எழுபத்தாறு வயது. இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. நாளைக்கு விழுந்தால் என்னைத் தூக்க ஒரு ரதி வேண்டாமா? ஒரு பென்சனில் இரண்டு கிழடுகளைப் பார்க்க முடியாது. சட்டத்தரணியிடம் போனேன். ஆள் வருத்தக்காரி, நீதிமன்றம் நிறுத்தாது, கூடுதலாகக் கொடுக்கச் சொன்னாலும் சொல்லும் என்றார். அவளாகவே இனி வேண்டாமென்று எழுதித் தந்தால் மட்டும் வேறு கதை என்றார். அந்த வருத்தம் மறதிதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

எங்கள் கோயிலில் வருடத்துக்கொருமுறை, கலியாணம் முடித்து நெடுங்காலமான சோடிகளை முன்னுக்குக் கூப்பிட்டு ஆசீர்வதிப்பார்கள். அதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். "எங்களுக்கு நாப்பத்தைஞ்சு வருசமாச்சு. பேர் குடுக்க உம்மட கையெழுத்து வேணும்" என்று கிளடிஸிடம் சொன்னேன். அன்று காலை நான் போனபோது அவள் நீலப் பட்டு உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, கைப்பையோடு கதவடியில் நின்றாள். என்ன அழகாக இருந்தாள் தெரியுமா.

பிளாசாவில் ஜஸ்ரினுடைய அலுவலகம். பயணச்சீட்டு விற்பார், கடதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்தும் வைப்பார். எங்களைப் பூசையில் காண்கிறவர். நான் நீட்டிய கடதாசியை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உது பிரிஞ்ச ஆக்களின்ர பேப்பரெல்லோ அண்ணை?"

"பேப்பரில மட்டும்தான் ஜஸ்ரின். கவுண்மென்ட் அலுவல்."

அவர் சிரித்தார். கவுண்மென்ட் காசுக்காகக் கடதாசிக்கு மட்டும் பிரிந்த சோடிகளை அவருக்குத் தெரிந்திருக்கும். மேற்கொண்டு கேட்பது எங்களுக்குள் மரியாதையில்லை. இருந்தாலும் முறைக்குக் கிளடிஸைக் கேட்டார். "அக்கா, இனி இவரிட்டக் காசு வேண்டாமெண்டு இதில கிடக்கு. விளங்குதோ?"

"சும்மா போங்கோ தம்பி" என்று கிளடிஸ் சிரித்தாள். "என்ர மனுசனிட்ட நான் என்னத்துக்குக் காசு வாங்கிறது?"

காட்டிய இடத்தில் அவள் கையெழுத்து வைத்தாள், ஜஸ்ரின் முத்திரை குத்தினார்.

நான் அவளை ஏமாற்றினேன் என்று ரதி சொல்வது சரியல்ல. அடுத்த ஞாயிறே ஆசீர்வாதத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயரும் கொடுத்திருந்தேன். சாமியார் எங்கள் தலையில் கை வைத்தபோது கிளடிஸ் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதன்பிறகு நான் பூசைக்கு வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கினேன்.

காசு நின்றது. ரதி இரண்டு கிழமை காசு வாங்காமல் சும்மா வந்து பார்த்தாள். அவளுக்கும் வாடகை இருக்கிறதே. பனிக்காலத்தில் ஒருநாள் கிளடிஸ் வெறுங்காலோடு தெருவில் நின்றாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கட்டில் காலியாக இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். காரில் இரண்டரை மணித்தியாலம். தமிழ் தெரிந்தவர்கள் யாருமில்லை.

நாலாம் நாள் அங்கிருந்து ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். கிளடிஸுடைய கைப்பைக்குள் என் நம்பர் இருந்ததாம். சாப்பாட்டைத் தொடுகிறாளில்லை, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கதவையே பார்க்கிறாள் என்றாள். நீங்கள் கணவரா என்று கேட்டாள். இல்லை என்றேன். சட்டப்படி அது சரியான பதில். ஏன் சாப்பிடுகிறாளில்லை என்று ஏதாவது தெரியுமா என்றும் கேட்டாள். தெரியாது என்றேன்.

அது மட்டும் பொய். ஒன்றாக இருந்த காலத்தில் கிளடிஸ் எனக்கு முன்னர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. தாய் அப்படி வளர்த்துவிட்டது. மறதியில் விவாகரத்துப் போனதும் அந்தப் பழக்கம் திரும்பி வந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு, "அங்கிள் சாப்பிட்டிட்டார் அன்ரி" என்று ரதி சொன்னால்தான் வாய் திறப்பாளாம். ரதியே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது. தொலைபேசியை அவளுடைய காதில் வைக்கச் சொல்லி, நானே அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்டு அவள் சாப்பிட்டால், நான்தான் மனுசன் என்று அங்கே நினைத்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கடதாசியை யாராவது கிளறுவார்கள். இன்னும் இரண்டு முறை எடுத்தார்கள். அதையே சொன்னேன். சேலைன் குழாயையும் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாளாம். பத்தொன்பதாம் நாள் முடிந்துவிட்டாள்.

அந்தப் பத்தொன்பது நாளும் நான் நேரத்துக்குச் சாப்பிட்டேன். அதை அவளுக்குச் சொல்ல அங்கே ஒரு தமிழ் ஆள்கூட இல்லாமல் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?