கோர்வைக்கு உட்கார்ந்தவள்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. தறியில் உட்கார்ந்தே பழகிய இடுப்பு, நிற்கவைத்தால்தான் வலிக்கும்.

எங்கள் வீட்டில் கோர்வைப் புடவை நெய்வோம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனி ஆளாக நெய்ய முடியாது. என் வீட்டுக்காரர் வேலாயுதம் தறிக்குழியில் இறங்கி நெய்வார். நான் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவேன். கல்யாணமான நாளிலிருந்து அது என் இடம்.

போன சித்திரையில் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "உனக்குக் கண்ணு மங்கிடுச்சு லோகா. நீ சமையலப் பாத்துக்கினு இரு. கோர்வைக்குப் பூவம்மா வரும்."

எதிர்வீட்டுப் பூவம்மாள் வந்தாள். புருஷனை இழந்தவள், என்னைவிட இளையவள். "இன்னா மாமா, இப்டி இடிச்சிக்கினு ஒக்காந்தா நாடா எங்க போவும்?" என்றாள். அவர் சிரித்தது சமையலறைவரை கேட்டது. நான் கோபப்படவில்லை. ரசத்துக்குத் தாளித்தேன்.

ஆடியில் அவருக்கு வாதம் வந்தது. வலக்கை விழுந்தது, பேச்சு நின்றது. சென்னைக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு மூளை ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைக் கரைத்தார்கள். அப்படியும் கை எழவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "பெரிய குழாய் தெறந்துடுச்சும்மா. அதுக்கு அப்பால மயிரிழை மாதிரி சின்னக் குழாய்ங்க இருக்குது. அதுல இன்னும் ரத்தம் சரியா போகல. மாத்திரைய நிறுத்தாதீங்க. தண்ணி நெறைய குடுங்க. கையும் பேச்சும் மெதுவா வரலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவர் முழுக்க என்னுடையவர் ஆனார். கஞ்சி ஊட்டும்போது இடக்கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். பூவம்மாள் வாசலோடு நின்றுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் அவருடைய வலக்கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் உருண்டது. அறுந்த பட்டு இழையை முறுக்கி இணைக்கிற அதே அசைவு. மயிரிழைகளுக்குள் ரத்தம் இறங்குகிறது. கை வந்தால் தறி ஓடும். தறி ஓடினால் கோர்வைக்கு ஆள் வரும்.

அவர் தங்கை சங்கரியும் பார்த்துவிட்டாள். "அண்ணி, அண்ணனுக்கு வெரலு ஆடுது பாத்தியா?"

"தூக்கத்துல ஆடுதும்மா."

அன்று முதல் மாத்திரைகளை அட்டையோடு தறிக்குழியில் போட்டேன். இனி அதில் யார் இறங்கப்போகிறார்கள்? தண்ணீரையும் குறைத்தேன். அவர் குடத்தைக் காட்டுவார். "டாக்டர் வேணான்னாரு" என்பேன். பயந்துகொண்டேதான் செய்தேன், ஐயா. தினமும் போர்வையை விலக்கி அந்த விரலைப் பார்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அது நின்ற பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். கொஞ்ச நாளில் வாதம் திரும்பி வந்து இடப்பக்கத்தையும் கொண்டுபோனது. என் முந்தானையைப் பிடித்த கையும் போயிற்று. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜைக்குக் குழியைப் பெருக்கும் வழக்கத்தையும் மறந்துவிட்டேன். பெருக்க இறங்கிய சங்கரிதான் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இன்று காலை நான் டம்ளரை நீட்டியதும் அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. அது பயம் என்கிறாள் சங்கரி. புருஷன் பெண்டாட்டிக்குள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு வாய் குடித்துவிட்டு, என் எச்சிலைத் தரவேண்டும் என்று அவருக்கு ஆசை.