கடைசிப் படகுக்காகக் காத்திருப்போர் சங்கம்

மதிப்பிற்குரிய காவல் ஆய்வாளர் வைனியோ அவர்களுக்கு,

அந்தச் சனிக்கிழமை என் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவில் யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். ஒழுங்கான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேல் பலகையில் ஜன்னலோரம் எங்கள் சங்கத் தலைவர் தைஸ்தோ. சூடு அங்கேதான் அதிகம் என்பதால் வேறெங்கும் உட்கார மாட்டார். அவருக்குப் பக்கத்தில் பொருளாளர் யல்மாரி, வழக்கம்போல் வாய் திறக்காமல். கீழ்ப் பலகையில் தண்ணீர் வாளிக்கு அருகே சொயிந்து. அடுப்புக் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றும் முறை அன்று அவளுடையது. செயலாளரான நான் கதவோரம், அடுப்புக்கு எதிரே. விறகு போடுவது எப்போதும் வீட்டுக்காரன் பொறுப்பு.

உடை மாற்றும் அறைக்கு இன்னொரு சாவி யல்மாரியிடம் இருப்பதால் சொயிந்துவின் பெட்டி காணாமல் போனதில் அவன்மேல் உங்களுக்குச் சந்தேகம் என்று அறிகிறேன். சந்தேகத்துக்கு உள்ளானவர் பொருளாளராக நீடிக்க எங்கள் விதிகளில் இடமில்லை. வேறு ஆளும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

‘கடைசிப் படகு’ என்பது ஒரு வீடியோ கேம். ஏரி உறைவதற்குள் தீவுகளில் இருப்பவர்களை எல்லாம் கரை சேர்க்க வேண்டிய படகோட்டிப் பெண்ணின் கதை. எங்கள் கயானி ஊரின் ஒரு நிறுவனம்தான் அதை அறிவித்தது. அடுத்த வசந்தத்தில் வரும் என்றார்கள். பிறகு அதற்கடுத்த வசந்தம் என்றார்கள். அப்படியே பல வசந்தங்கள் போய், கடைசியில் நிறுவனமே மூடிக்கொண்டது. நாங்கள் சங்கத்தைப் பதிவு செய்தது முதல் அறிவிப்பு வந்த மாதத்தில். விதிகளை எழுதிய தைஸ்தோ கடைசி வரியாக, ‘ஆட்டம் வெளிவரும் நாளில் சங்கம் கலையும்’ என்று சேர்த்தார். அப்போது எல்லோருக்கும் இளமை. அது ஒரு நகைச்சுவை.

அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு தீவையும் வரைந்தவள் சொயிந்து. ஒவ்வொரு பயணியின் பேச்சையும் எழுதியவளும் அவள்தான். நிறுவனம் ஏலத்துக்குப் போனபோது நோட்டுகள், வரைபடங்கள், இரண்டு கணினி வட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்து வந்தாள். வேறெங்கும் நகல் இல்லை. அவள் வீட்டு நிலவறையில் தண்ணீர் புகுந்ததும் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தாள்.

“உன்கிட்ட இருந்தாத்தான் பத்திரம், என்சியோ. நீ ஒரு குண்டூசியக்கூடத் தொலைக்க மாட்ட.”

பெட்டி என் உடை மாற்றும் அறை அலமாரிக்குப் போனது, சொயிந்து பேரங்காடியின் கல்லாவுக்குப் போனாள்.

சங்கம் காற்றைக் குடித்து வாழ முடியாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், சந்தா புதுப்பிக்கும் சமயத்தில், இணைய மன்றத்தில் வேறு பெயரில் நான்கு வரி எழுதுவேன். மாண்ட்ரியலில் ஒரு நிறுவனம் நம் ஆட்டத்தைக் கையில் எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று. அது பொய் அல்ல. நான் எழுதிய கணத்திலிருந்து பேச்சு உண்மையிலேயே அடிபட்டது. உறுப்பினர்கள் பனி உருகும்வரை அதை அலசுவார்கள். மாண்ட்ரியல் நிஜமா இல்லையா என்று சண்டை போட்ட இருவர் பிறகு கல்யாணமே செய்துகொண்டார்கள். வாழ்த்து அட்டை சங்கத்தின் சார்பில் நான்தான் எழுதினேன்.

போன ஆண்டு மாண்ட்ரியல் சலித்துவிட்டதால் கிராக்கோவ் நகரம் என்று மாற்றி எழுதினேன். அங்கேதான் என் கணக்கு பிசகியது. கிராக்கோவ்காரர்கள் அதைப் படித்துவிட்டார்கள்.

அவர்களுடைய இயக்குநர் சொயிந்துவையே தொலைபேசியில் அழைத்தாராம். அவர் சொன்னதை அவள் எங்களிடம் நடித்தே காட்டினாள்: “நாங்க பண்றோம்னு ஊரே பேசுதுங்க. எங்களுக்குத்தான் தெரியல. சரி, பண்ணிட்டாத்தான் என்னன்னு உரிமைய வாங்கிட்டோம்.”

பெட்டி வந்தால் வேலை தொடங்கும். தலைமை வடிவமைப்பாளர் சொயிந்து. கல்லா வேலையை விட்டாள், வாடகை வீட்டைக் காலி செய்ய எழுதிக் கொடுத்தாள், சிவப்பாக ஒரு பயணப்பெட்டி வாங்கினாள். ஏலக்காய் பன்னும் காப்பியும் முன்னால் ஆறிக்கொண்டிருக்க அவள் பேசியதை நாங்கள் கேட்டோம்.

“அடுத்த சனிக்கிழமை சவுனா முடிஞ்சதும் பெட்டிய எடுத்துக்கறேன், என்சியோ. மறுநாள் காலைல விமானம்.”

தைஸ்தோ பன்னைக் கீழே வைத்தார். “அப்ப நாம சனிக்கிழமையானா என்ன பண்றது?”

“ஆட்டத்த விளையாடலாம், தலைவரே,” என்றான் யல்மாரி.

“அவனவன் வீட்லயா? தனியாவா?”

சொயிந்து மட்டும் சிரித்தாள். “என்னப்பா இது, துக்க வீடு மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க? இத்தனை வருஷமா இதுக்குத்தானே உக்காந்திருந்தீங்க?”

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். தைஸ்தோவின் மனைவி இறந்த பிறகு அவர் முகம் மழிப்பது சனிக்கிழமை மட்டும்தான். யல்மாரி வாரத்தில் பேசும் சொற்கள் அத்தனையும் என் வீட்டில்தான் பேசுகிறான். ஒரு பக்கம் இவர்கள், இன்னொரு பக்கம் ஒரு பெண்ணின் வேலை. நியாயமான ஆள் யாராக இருந்தாலும் நான் வந்த முடிவுக்கே வந்திருப்பார். எனக்கென்று நான் எதையும் நினைக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் மழை விடவில்லை. கொட்டகை விறகு ஈரம். சனிக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தேன். நோட்டுகளின் கம்பிச் சுருள்களை உருவி உலோகத் தொட்டியில் போட்டேன். வட்டுகளைத் திருகு திருகாகக் கழற்றி உடைத்து, உலோகம் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று பிரித்தேன். பிளாஸ்டிக்கை எரிப்பது தவறு. ஏரியில் வீசுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் அந்த ரகம் அல்ல. மீதி அத்தனையும் நல்ல காய்ந்த காகிதம். ஒவ்வொரு தீவையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைத்தேன். அழகாக வரைந்திருந்தாள். கடைசி நோட்டை மட்டும் திறக்கவில்லை. முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எங்கள் சங்கத்தில் மன்னிக்க முடியாத குற்றம்.

மாலையில் எல்லோரும் வந்தார்கள், நான் மேலே எழுதியபடி உட்கார்ந்தார்கள்.

“இன்னிக்கு ஆவி பிரமாதம்,” என்றார் தைஸ்தோ. “என்ன விறகுடா போட்ட?”

“காஞ்சது.”

“இன்னொரு கரண்டி ஊத்தவா?” என்று கேட்டாள் சொயிந்து.

“ஊத்து,” என்றேன். ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு, இதைத்தான் கிராக்கோவில் தேடப்போகிறேன் என்றாள்.

பிறகு அவள் அலமாரிக்குப் போனதும், உங்களைக் கூப்பிட்டதும் உங்களுக்கே தெரியும். கதவு பூட்டாமல் கிடந்தது என்று நான் சொன்னது சரியல்ல. திருத்திக்கொள்ளவும்.

கிராக்கோவ்காரர்கள் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். பேரங்காடியில் அவளுக்கு மாலை நேரக் கல்லா மட்டும் திரும்பக் கிடைத்தது. யல்மாரி வீட்டு உபரி அறையில் இருக்கிறாள். சிவப்புப் பெட்டி கட்டிலுக்கு அடியில். முன்பு அவள் கௌரவ உறுப்பினர், முடிவு தெரிந்தவள், எங்களிடமிருந்து ஒரு படி விலகித்தான் உட்காருவாள். இப்போது சந்தா கட்டிச் சேர்ந்துவிட்டாள். எங்களைப் போல அவளும் காத்திருக்கிறாள். இதை நான் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

போன சனிக்கிழமை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியைத் தொடாமலே கேட்டாள்: “யாராவது ஒருத்தர் மறுபடி எடுப்பாங்கல்ல, என்சியோ?”

“எடுப்பாங்க,” என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என் வழக்கம். அதனால் இன்று இரண்டு உறைகள். ஒன்று தங்களுக்கு. மற்றது உறுப்பினர்களுக்கான சுற்றறிக்கை. லியோனில் ஒரு நிறுவனம் ‘கடைசிப் படகை’ விசாரித்துக்கொண்டிருப்பதாகவும், பெட்டியின் நகல் ஒன்று அவர்களிடம் அகப்பட்டிருப்பதாகவும் நம்பத்தகுந்த இடத்திலிருந்து தகவல். தங்கள் உறைக்குச் சாதாரணத் தபால்தலை போதும், அவசரமில்லை. சுற்றறிக்கைக்கு விரைவுத் தபால்தலை.

இப்படிக்கு,
என்சியோ குக்கோலா
செயலாளர்

(உறையை ஒட்டிய பிறகு நினைவுக்கு வந்ததால் அதன் முதுகில் எழுதுகிறேன். சுற்றறிக்கையை எழுதியவன் நான்தான் என்றாலும், இப்போது இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். லியோன்காரர்கள் வீண்பேச்சுப் பேசுகிறவர்கள் அல்ல. இந்த முறை கண்டிப்பாக வரும். அது வரும்போது நான் சிறையில் இருக்க நேர்ந்தால், முடிவை யாரும் என்னிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.)