வாசலில் ஆம்பளைச் செருப்பு

தொப்பூர் ஓட்டலில் தட்டு கழுவும் வேலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தர்மபுரி பஸ் நின்றது, ஏறினேன். முன் சீட்டில் துணிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"என் வூட்டுக்காரர் செருப்பு காலைல சேறா கெடந்துச்சுக்கா," என்றாள் இளையவள்.

"உனக்கு ஏதுடி வூட்டுக்காரர்?"

"டவுனுக்குள்ள தனியா ரூம் எடுத்திருக்கேன்ல. ஆம்பள இருக்கறாப்புல வாசல்ல ஒம்போது நம்பர் செருப்பு போட்டு வெச்சிருக்கேன்."

"கெட்டிக்காரிடி!" மூத்தவள் சிரித்தாள். "மழைல நனைஞ்சிருக்கும்."

"மழை எங்கீங்கக்கா பேஞ்சுது? எவனோ அதைப் போட்டுக்கிட்டு, சாக்கடைப் பக்கம் என் ஜன்னலோரம் நின்னிருக்கான். தடம் இருக்கு. திரும்பக் கொண்டாந்து ஜோடியா வெச்சிட்டும் போயிருக்கான்."

மற்றவளின் சிரிப்பு நின்றது. "இன்னிக்கு என் வூட்டுக்கு வந்துரு."

"எத்தன நாளைக்குங்கக்கா?"

மறுநாள் காலை டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வேலை, ஜன்னலுக்குக் கம்பி அறுப்பது.