கராஜுக்குள்ளே ஒரு இங்கிலாந்துக்காரி

ஜெர்மனியின் ஹனோவரில் வாகனப் பதிவு அலுவலகத்தில் எனக்கு முன்னால் ஐம்பது வயதையொட்டிய ஒரு கணவனும் மனைவியும் காத்திருந்தார்கள்.

"எங்கட கராஜுக்குள்ள ஆரோ இங்கிலாந்துக்காரி கதைக்கிறாள் எண்டு நான் கூட்டுற தும்புத்தடியோட ஓடி வந்தனான்," என்றாள் மனைவி.

"அது நான் வாங்கின கார் அப்பா!" என்றார் கணவர். "பெல்ட்டைப் போடச் சொல்லுது. பிரிட்டிஷ்காரர் பெருமையாச் செய்த குடும்பக் கார். பெரிசா விலைப்படேல்லை, கொஞ்ச வருசத்தில நிப்பாட்டிப்போட்டாங்கள். இப்ப தேடினாலும் கிடைக்காது."

"கலியாணம் கட்டின நாளில இருந்து நானும்தான் பெல்ட் போடச் சொல்லுறன். அவள் ஒருக்காச் சொன்ன உடன போட்டிட்டியள்."

அவர் முகம் வாடியது. "உமக்குப் பிடிக்காட்டித் திருப்பிக் குடுப்பம்."

"விசர்க் கதை கதையாதேங்கோ! இதுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், இங்கத்தைக் கார்களுக்கு இடப்பக்கம். நேற்று நான் இடப்பக்கம் இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டு வர, நான்தான் ஓட்டுறன் எண்டு நினைச்சுப் பக்கத்துக் கார்க்காரன் வாயைப் பிளந்தவன், கண்டனீங்களோ?"

இருவரும் சிரித்த சிரிப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய எண் திரையில் மின்னியது. கணவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அவள் கார்ப் பத்திரங்களைப் பறித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நீங்கள் இருங்கோ. காரை என்ர பேரிலதான் பதியப்போறன்!"