தாடைக்குள்ள சுருண்ட மசுரு

கொடுக்காப்புளி முள்ளுங்க. ஆமாங்க டாக்டரய்யா, அதையத்தான் தாடையில உட்டு நோண்டுனாரு. எங்கூட்டுக்காரரு வெளிய வண்டியில படுத்திருக்காரு, மொகம் பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்குது. பாக்கப் போறதுக்கு முன்னால நான் சொல்றதச் சித்தெக் கேட்டுப்போட்டுப் போங்க.

மொதல்ல கடுகாட்டந்தான் செவந்திருந்துச்சு. எங்களுக்குச் சவரம் பண்ற பொன்னன் பாத்துப்போட்டு, மசுரு வெளிய வராம உள்ளயே சுருண்டுக்கிச்சு, கத்தி வெக்காம உடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. வெந்நீர்ல துணிய நனைச்சு ஒத்தடம் குடுத்தா மசுரு நுனி தானா தலகாட்டும், அப்ப ஊசிய நெருப்புல காட்டி மெல்லத் தூக்கி உடோணும், புடுங்கக்கூடாதுன்னாரு. காலையும் பொழுதோடயும் நாந்தானுங்க ஒத்தடம் குடுத்தேன். ரெண்டே நாள்ல வத்துச்சு.

பொறுத்தாரா மனுசன்? பொன்னனத் தொரத்திப்போட்டு, சேலம் போயி பிளேடு வெக்கற கத்தி ஒண்ணு வாங்கியாந்தாரு. தெனமும் ரெண்டு தடவ, அதுவும் எதிர்மசுருல வழிக்கறாரு. மறுக்காவும் வீங்கிப்போச்சு. முந்தாநேத்து முள்ள எடுத்துக்கிட்டாரு. வேண்டாமுங்கன்னு கையப் புடிச்சேன், சொம்பெடுத்து எறிஞ்சாரு. இந்தா, நெத்தியில இருக்கறது அந்தக் காயந்தானுங்க. இதுக்கு மருந்து வேண்டாம், கெடக்கட்டும்.

இந்த வயசுல என்னத்துக்கு அத்தன மினுக்குங்கறீங்களா? வெள்ளிக்கெழம கண்ணாலமுங்க. அவருக்குத்தான். எனக்குப் புள்ளயில்லைன்னு ரெண்டாந்தாரம்.

அழுவலீங்க. அழுவற காலமெல்லாம் போயிருச்சு. வவுறு எரியுது, அவ்வளவுதான்.

உங்களப் பொய் சொல்லச் சொல்லலீங்க. இந்தப் புண்ணு ஆறி முடிக்க ஒரு மாசம் கத்தி படக்கூடாதா இல்லியா? ஆமாந்தானுங்க? அதைய அவருகிட்ட அதட்டிச் சொல்லுங்க, மீறுனா உசுருக்கே ஆவாதுன்னு. உசுருக்குப் பயப்படுவாரு. தாடியும் மருந்துக்கட்டுமா மணவறையில உக்காரவும் மாட்டாரு, ஒறம்பரைச் சனம் சிரிக்குமில்லீங்க. இந்த ஆனிய உட்டா அடுத்து ஆடி, கண்ணாலப் பேச்சே கெடையாது. அதுக்குள்ள குமாரபாளையத்துல எங்க சின்னம்மா ஊட்டுக்கு அந்தக் கண்ணாலப் புள்ளயக் கொண்டுபோயி உட்டுருவேன்.

பொண்ணு ஆருன்னு கேக்கவே இல்லீங்களே. வசந்தாமணின்னு பேரு, பதினாறு வயசு. எங்கம்மா போனப்பறம் நாந்தான் இடுப்புல வெச்சு வளத்தேன். என்ற கூடப்பொறந்தவ.